செங்கல் ஜல்லித் தளம்

செங்கல் ஜல்லித் தளம் என்பது தமிழ்நாட்டில் கான்கிரீட் மொட்டைமாடியின் மேல், வெயிலையும் மழைநீரையும் தடுப்பதற்காக இடப்படும் அடுக்கு ஆகும். கீற்றுக் கூரையிலும் நாட்டு ஓட்டுக் கூரையிலும் இடுக்குகள் வழியே காற்று புகுந்து ஈரத்தை உலர்த்திவிடும். இத்தளத்தில் அதற்கு வழியில்லை.

அமைப்பு

செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்புடன் கலந்து, மழைநீர்க் குழாயை நோக்கிச் சரிவாக 75 முதல் 100 மி.மீ. தடிமனில் பரப்பி, மரக்கட்டையால் பல நாட்கள் அடித்து இறுக்குவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பது மரபு. இக்கடுக்காய் கல்வராயன் மலையில் கிடைக்கும் வனப்பொருட்களுள் ஒன்றாகும். மேலே தட்டோடு பதித்து, இடுக்குகள் சாந்தால் அடைக்கப்படும். சுண்ணாம்புக் கலவைத் தளத்துக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3036 ஆகும்.

ஈரத்தின் விளைவு

ஜல்லியின் நுண்துளைகளில் உள்ள காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த தளத்தின் தடுப்பாற்றல் குறைகிறது. இதனினும் பெரிய கேடு கான்கிரீட்டில் உள்ள கம்பி துருப்பிடிப்பதாகும். துரு, இரும்பைவிட இரு மடங்குக்கும் மேல் இடம் கொள்ளும். எனவே கான்கிரீட் வெடித்து, அறைக்குள் பெயர்ந்து விழுகிறது.

கள்ளக்குறிச்சிச் சமவெளியில் மழைக்காலத்தில் ஊறிய நீரை மாசி முதல் வைகாசி வரையிலான வெயில் பெரும்பாலும் உலர்த்திவிடுகிறது. ஒழுகுகிறது என்று கார்த்திகையிலேயே ஈரத்தளத்தின் மேல் நீர்புகாப் பூச்சு அடித்தால், நீர் மேலே செல்ல இயலாமல் கம்பியை நோக்கி இறங்கும். பூச்சு வேலையைக் கோடையில், தளம் நன்கு காய்ந்தபின் செய்வதே முறை. 2000 அடிக்கு மேற்பட்ட கல்வராயன் மலை ஊர்களில் வெப்பம் குறைவு என்பதால் உலர்தலும் மெதுவாகவே நிகழும்.

பிற காலநிலைகள்

குளிர்நாடுகளில் வீட்டினுள் உள்ள வெப்பமான நீராவி மேலேறிக் குளிர்ந்த கூரையில் நீராகப் படியும்; எனவே நீராவித் தடுப்பை உட்புறம் வைக்கின்றனர். குளிர்சாதன அறைகளில் நிலைமை தலைகீழ். வெளிக்காற்று 32 பாகை செல்சியசு, ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு எனில், அதன் பனிபடுநிலை ஏறத்தாழ 26 பாகை. அறை 24 பாகையில் இருந்தால், உட்கூரையில் ஒட்டப்பட்ட பிளாசுட்டிக்குத் தாளின் மேற்பக்கத்தில் நீர் கோத்துக்கொள்ளும். குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே பின்பற்றுவது இங்கு பொருந்தாது.