பெய்ரோனி எழுதிவைத்த நோய்

சில ஆண்டுகளுக்கு முன், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் என்னிடம் வைத்தியத்திற்கு வந்தார். முதல் முறை வயிற்று மந்தம் என்றார். மறுமுறை உறக்கமில்லை என்றார். மூன்றாம் முறை, விடைபெற்று வாயில்வரை சென்றவர் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஆண்குறி வளைந்துபோயிருப்பதையும், உள்ளே புளியங்கொட்டைபோல் ஒரு தடிப்பு கைக்குத் தட்டுப்படுவதையும் சொன்னார். புற்றுநோயோ, செய்த பாவத்தின் பலனோ என்று எட்டு மாதங்களாக அவர் அஞ்சிக்கொண்டிருந்தார். இரண்டும் அல்ல, அது ஒரு தழும்பு. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதும் அன்று. அத்தழும்பின் வரலாற்றைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். செவிக்குக் கூச்சம் தரும் பொருள்தான். ஆயினும் இவ்வரலாற்றில் கூச்சமும் ஒரு பாத்திரமாதலால் அதை விலக்கிவைத்துப் பேச இயலாது.

இந்நோய்க்குத் தம் பெயரை ஈந்தவர் பிரான்சுவா ஜிகோ த லா பெய்ரோனி. 1678இல் தென்பிரான்சின் மோம்பெலியே நகரில் பிறந்தவர். 1736இல் பதினைந்தாம் லூயி மன்னரின் தலைமை ரண வைத்தியரானார். அக்காலத்தில் ரண வைத்தியருக்குப் பெருமை கிடையாது. லத்தீன் கற்ற மருத்துவர்கள் உயர்ந்த ஆசனத்தில் வீற்றிருக்க, கத்தி பிடித்தவர்கள் க்ஷவரத் தொழிலாளரோடு ஒரே சங்கத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தனர். 1731இல் பாரிஸில் ரண வைத்தியக் கழகம் தோன்ற உழைத்தவர்களுள் பெய்ரோனியும் ஒருவர். 1743இல் அரச ஆணை ஒன்று இரு தொழில்களையும் பிரித்தது. அதே ஆண்டில் கழகம் தன் கட்டுரைகளின் முதல் தொகுதியை வெளியிட்டது. தங்கள் கல்வியை உலகறியக் காட்டவேண்டிய அந்நூலில், மன்னரின் வைத்தியர் எழுத எடுத்துக்கொண்ட பொருள்களுள் இதுவும் ஒன்று என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே உண்டாகிறது. அவருக்கு முன்பே, 16ஆம் நூற்றாண்டின் உடற்கூற்று ஆசிரியர்கள் இதைக் கண்டு குறித்திருக்கின்றனர். ஆனால் ஜபமாலையின் மணிகளைப்போல் வரிசையாய்த் தட்டுப்படும் முடிச்சுகளையும், அவற்றால் உண்டாகும் வளைவையும் விவரித்து எழுதியமையால் பெயர் இவருக்கே நிலைத்தது. மருந்தாக அவர் சொன்னது, பிரனீஸ் மலையிலுள்ள பாரேஜ் என்னும் ஊரின் கந்தக ஊற்றுநீர். அதனால் குணம் கண்டதாகவும் எழுதினார்.

நோயின் இயல்பு இதுதான். ஆண்குறிக்குள் பஞ்சுபோன்ற இரு தண்டுகள் உள்ளன. அவற்றை வெண்ணிற உறையொன்று சூழ்ந்திருக்கிறது. குருதி நிறையும்போது அவ்வுறை எப்புறமும் ஒருசேர விரியவேண்டும். அவ்விடத்தில் நேரும் நுண்ணிய காயமே தொடக்கம் என்று கருதப்படுகிறது. காயம் பட்டதாக நினைவே இல்லாதவர்களும் பலர். பெரும்பாலோருக்கு ஆறி மறைவது, சிலருக்கு ஆறும் வேலை ஓயாமல் தொடர்ந்து, கொலாஜன் என்னும் நார்ப்பொருள் திரண்டு தகடாகிவிடுகிறது. சைக்கிள் டியூபில் ஒட்டுப்போட்ட இடம் காற்றடித்தால் விரியாததுபோல, தழும்புள்ள பக்கம் விரிவதில்லை. உறுப்பு அப்பக்கமாய் வளைகிறது. இந்நோயாளருள் சிலருக்கு உள்ளங்கையிலும் நார் தடித்து விரல் மடங்கிக்கொள்வதுண்டு.

பாரேஜ் நீருக்குப் பின் பாதரசம் வந்தது, அயோடின் உப்புகள் வந்தன, மின்சாரம் வந்தது, எக்ஸ் கதிரும் ரேடியமும் வந்தன. 1940களில் வைட்டமின் ஈ வந்தது. ஒவ்வொன்றுக்கும் குணமடைந்தோர் இருந்தனர். பொய் சொன்னவர் எவருமில்லை, ஏமாற்றியது நோயே. தொடக்கத்தில் வலிக்கும், மாதங்கள் செல்ல, மருந்து உண்டாலும் உண்ணாவிட்டாலும் பெரும்பாலோருக்கு வலி தணிந்துவிடும். வளைவோ சிலருக்கே தானாகக் குறையும். எந்த மருந்து கையில் இருந்ததோ அது புகழைப் பெற்றுக்கொண்டது. மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் பக்கம்பக்கமாக நிறுத்திப் பார்க்கப் பலர் வேண்டும். இந்நோயாளரோ வாய் திறப்பதே அரிது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2015இல் வெளியிட்ட நெறிமுறை வைட்டமின் ஈயைத் தரவேண்டாம் என்றது. கதிர் சிகிச்சையையும் விலக்கியது.

பக்கம்பக்கமாக நிறுத்தும் வேலை பெரிய அளவில் நடந்தது நம் காலத்தில்தான். ஒருவகை நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்படும் கொலாஜனேஸ் என்னும் நொதி, கொலாஜனைக் கரைக்கவல்லது. அது இத்தழும்பையும் கரைக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் 1982இல் காட்டினர். பின்னர் எண்ணூறுக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். ஊசிமருந்து பெற்றோருக்கு வளைவு சராசரி 34 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத ஊசி பெற்றோருக்கும் 18 சதவீதம் குறைந்தது! இந்த 18ஐப் பார்த்தபோதுதான் பாரேஜ் நீரின் புகழ் எனக்கு விளங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு அனுமதி அளித்தது. அரிதாக உறை கிழிந்துவிடும் ஆபத்து உண்டாதலால், பயிற்சி பெற்றவரே போடவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு அளித்தது.

வளைவு மிகுந்து, நோய் ஓய்ந்து நிலைத்துவிட்டால் அறுவைதான் உறுதியான வழி. 1965இல் நெஸ்பிட் என்னும் அமெரிக்கர், பிறவியிலேயே வளைந்திருப்போருக்காக, எதிர்ப்பக்கத்து உறையைச் சிறிது குறைத்துத் தைத்து நேராக்கும் முறையை எழுதினார். அது இந்நோய்க்கும் பயன்பட்டது. நீளம் சற்றுக் குறையும் என்பதை முன்னரே சொல்லிவிடவேண்டும்.

என்னிடம் வந்தவரிடமும் சொன்னேன். ஆறு மாதங்கள் கழித்து வந்தார். வலி நீங்கியிருந்தது, வளைவு அப்படியே இருந்தது, இல்லறத்துக்கு இடையூறில்லை என்றார். கத்தி வேண்டாம் என்று தீர்மானித்திருந்தார். புறப்படும்போது, நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தரும்படி கேட்டார். மனைவியிடம் காட்டவேண்டுமாம்.