கரவதியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை ஒரு நாதஸ்வரம்

குரோம்பேட்டையில் தொடங்கி வண்டலூர் வரை நம் பக்கத்தில் கல்யாண மண்டபங்களுக்குக் குறைவில்லை. தாலி கட்டும் நேரத்தில் "கெட்டிமேளம்" என்று குரல் எழுந்ததும் நாதஸ்வரமும் தவிலும் ஓங்கி ஒலிக்கும். வாசிப்பவர் எந்த ஊர், எந்த மதம் என்று அப்போது யாரும் கேட்பதில்லை. இங்கே கொஞ்சம் கேட்டுப் பார்ப்போம்.

இசைக்கு மதம் இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். நாதஸ்வரத்தைப் பொறுத்தவரை அது சரியில்லை என்பது என் கருத்து. அது கோயில் வாத்தியம். விடியற்காலையில் பூபாளம், சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பள்ளியறையில் நீலாம்பரி என்று பூஜை முறையோடு பின்னிப் பிணைந்தது. பூஜை முறை தெரியாமல் அதை வாசிக்க முடியாது. அப்படிப்பட்ட வாத்தியத்தைத் தலைமுறை தலைமுறையாக வாசித்து வருகிறவர்களில், ஆந்திராவின் கரையோர மாவட்டங்களைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களும் உண்டு.

ஷேக் சின்ன மௌலானா அப்படி ஒரு குடும்பத்தில், ஓங்கோல் அருகே கரவதி கிராமத்தில், 1924-ல் பிறந்தவர். சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிப்பிடம் பயின்றார். தெலுங்கு நாட்டில் பெயர் எடுத்து அங்கேயே சௌகரியமாக இருந்திருக்கலாம். ஆனால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. ராகத்தை அவசரமில்லாமல் விரித்துக்கொண்டே போகும் தஞ்சாவூர் பாணி அது. அவருடைய தோடியைக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பாணியை முறையாகக் கற்க, சின்ன மௌலானா கும்பகோணம் அருகே உள்ள நாச்சியார்கோயிலுக்கு வந்து, ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். வேறு மொழி, வேறு சாப்பாடு, வேறு மதம். தெரிந்த வித்தையையே மறுபடி படிக்க வேண்டியிருந்தது. கற்றுக்கொடுத்தவர்களும் மனம் வைத்தால்தானே இது நடக்கும்? அந்தச் சகோதரர்களை நாம் அதிகம் நினைப்பதில்லை.

பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். (ஓங்கோலிலிருந்து அங்கே போகும் ரயில் வழி நம் தாம்பரத்தைத் தாண்டித்தான் போகிறது!) கடைசி வரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். ஸ்ரீரங்கத்தில் அவர் தொடங்கிய பள்ளிக்கு வைத்த பெயர் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம். சாரதா என்பது சரஸ்வதியின் பெயர். 1977-ல் பத்மஸ்ரீ வந்தது. 1998-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. அடுத்த ஏப்ரலில் மறைந்தார்.

வங்கிக் கணக்குப்படி பார்த்தால், தஞ்சாவூர் கொடுத்த கடன் வட்டியோடு திரும்பிக்கொண்டிருக்கிறது. பேரன்கள் காசிம், பாபு அதே பாணியில் வாசிக்கிறார்கள். அவரிடம் பயின்ற ஆந்திரத் தம்பதி ஷேக் மெகபூப் சுபானி, காலீஷாபி மெகபூப் இருவரும் ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டார்கள். 2020-ல் அவர்களுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்கள் அதிகம் கையில் எடுக்காத வாத்தியம் இது என்பதால், காலீஷாபியின் சாதனையை நான் ஒரு படி மேலாகவே வைப்பேன்.

இப்போதெல்லாம் சில மண்டபங்களில் கெட்டிமேளம் பென் டிரைவிலிருந்து வருகிறது. செலவு மிச்சம்தான். ஆனால் இத்தனை தூரம் கடந்து வந்து கற்றவர்களின் பிள்ளைகளுக்கு முகூர்த்த நாள் வருமானம் என்ன ஆகும்? நம் வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் பதிவு செய்யும்போதே மேளக்காரரையும் பேசிவிடுங்கள்.

சின்ன மௌலானாவின் கச்சேரிப் பதிவுகள் யூடியூபில் கிடைக்கின்றன. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். பக்கத்து ஃபிளாட்காரர் புகார் கொடுத்தால் அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.