மலையின் அமுக்கமும் மக்களின் நிலமும்: ஊவாப் பெருந்தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

மண்சரிவை இயற்கையின் சீற்றமென எழுதுவது நமது பத்திரிகை மரபு. மழை பெய்தது, மலை சரிந்தது, மக்கள் மாண்டனர் என்ற அளவில் அவ்விவரணை முடிந்துவிடுகிறது. ஊவா மாகாணத்துத் தோட்டங்களைப் பொறுத்தவரை இது போதாது. மலையினுள் நிகழ்வது யாது, அதனை அறியும் வழி யாது, அறிந்தபின் அங்கு வாழ்வோர் எங்கே செல்வர் என்னும் மூன்று வினாக்களையும் நாம் ஒருங்கே எழுப்புதல் வேண்டும்.

முதலாவது வினா பௌதிகவியல் சார்ந்தது. சரிவில் மண் நிலைத்து நிற்பதற்கு அதன் துணிக்கைகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பது இன்றியமையாதது. மழைநீர் உட்புகுந்து அவற்றின் இடைவெளிகளை நிரப்புகையில் அந்நீரின் அமுக்கம் உயர்கிறது. மேலுள்ள சுமையின் ஒரு பங்கை நீரே தாங்குவதால் துணிக்கைகளின் பிடி தளர்கிறது. 1920களில் கார்ல் தெர்சாகி வகுத்த இக்கோட்பாடே நவீன மண் பொறியியலின் அடித்தளமாகும்.

இரண்டாவது, அளவீடு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்னும் மழைவீழ்ச்சிப் படிகளைக் கொண்டு எச்சரிக்கை விடுத்து வந்துள்ளது. ஆயின் மழைமானி அளப்பது வானிலிருந்து வீழ்வதை; மலையினுள் எழும் அமுக்கத்தை அறிய நிலத்தில் துளையிட்டு உணரியை இறக்குதல் வேண்டும். இவ்வகையில் ஒளியியல் நார் உணரி குறிப்பிடத்தக்கதொரு முன்னேற்றம். கண்ணாடி நாருள் ஒளியாலேயே நுண்ணிய வரியடுக்கு ஒன்றைப் பதிக்கலாம் என்பதை 1978 இல் கனடாவில் கென்னத் ஹில்லும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். அவ்வடுக்கு ஒரு குறித்த அலைநீளத்தை மட்டுமே திருப்பி அனுப்பும். நீரமுக்கத்தால் வளையும் மெல்லிய தகட்டுடன் நாரைப் பிணைத்தால், நார் இழுபடுந்தோறும் திரும்பிவரும் அலைநீளம் மாறும்; அம்மாற்றத்திலிருந்து அமுக்கம் கணிக்கப்படும். வெப்பநிலையும் இத்தகைய மாற்றத்தைத் தருமாதலால், அமுக்கம் படாத மற்றோர் அடுக்கைக் கொண்டு அதனைக் கழிப்பர். உணரிக்கு மின்சாரம் தேவையில்லை. இடிமின்னலால் அது பழுதுறுவது அரிது. ஒரே நாரில் பல இடங்களை அளக்கவும் இயலும்.

அளவீட்டின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை அண்டிய பதுளுசிறிகமச் சரிவில், 2014 இல் தொடங்கிய ஜப்பானியத் தொழினுட்ப ஒத்துழைப்பின் கீழ் நிலத்தடி நீர்மட்டம் அளக்கப்பட்டு, நீர் வடித்து அகற்றப்பட்டது. அமுக்கத்தை அறிந்தால் அதனைக் குறைக்கவும் இயலும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது வினா வரலாறு சார்ந்தது. 19 ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக இம்மலைகளின் காடு அழிக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் லயன்களில் குடியமர்த்தப்பட்டனர். லயன் எங்கே அமையவேண்டும் என்பதைத் தீர்மானித்தது தோட்ட நிர்வாகம். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இவ்விரு மாற்றங்களின் போதும் லயன் நிற்கும் நிலம் தொழிலாளியின் உரிமையாகவில்லை.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை, மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. பலரது உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவ்விடம் அபாயமானதென 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. அறிவு இருந்தது, செல்வதற்கு நிலம் இருக்கவில்லை. தப்பியோருக்கான புதிய வீடுகள் 2016 இலேயே கையளிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளால் பேரிழப்புக்குள்ளாயிற்று.

எனவே ஒளியியல் நார் உணரியை நாம் வரவேற்கிறோம். தரையில் விழும் வெடிப்பையும் ஊற்றுநீர் கலங்குவதையும் முதலிற் காணும் தொழிலாளரின் அனுபவமும் அதனோடு இணைக்கப்படல் வேண்டும். ஆயினும் வேறு நிலமற்ற ஒருவனுக்கு வெளியேறுமாறு விடுக்கப்படும் எச்சரிக்கை பாதி எச்சரிக்கையே. மறுபாதி, பாதுகாப்பான இடத்தில் அவன் பெயரில் எழுதப்படும் காணி உறுதியாகும்.