மாளிகை நிற்கிறது, கட்டியவர் பெயர் எங்கே?

பத்து காஜாவிலிருந்து கோப்பேங் செல்லும் சாலையில், ராயா ஆற்றை அடுத்த மேட்டில் கெல்லி மாளிகை நிற்கிறது. விடுமுறை நாள்களில் நம் பள்ளி மாணவர்கள் பேருந்தில் வந்திறங்கிச் சுற்றிப் பார்க்கும் இடம் அது. அங்குச் சொல்லப்படும் கதைகளுள் சுரங்கவழியும் ஆவியும் தவறாமல் இடம்பெறும். அதை எழுப்பிய தமிழ்த் தொழிலாளரோ ஓரிரு சொற்களில் வந்து மறைந்துவிடுவர். அந்த ஓரிரு சொற்களையே இன்று நாம் சற்று விரித்துக் காண விழைகிறோம்.

மாளிகைக்கு உரியவரான வில்லியம் கெல்லி ஸ்மித், 1870இல் ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இருபதாம் வயதில் மலாயா வந்தார். காடு திருத்தும் ஒப்பந்தப் பணியில் பொருளீட்டி, கிந்தாவில் நிலம் பெற்று ரப்பர் பயிரிட்டார். பிறந்த ஊரின் பெயரும் கிந்தாவின் பெயரும் இணைந்து அத்தோட்டம் கிந்தா கெல்லாஸ் எனப்பட்டது. 1915இல் பெருமாளிகைப் பணி தொடங்கியது. சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். கோபுரத்தில் மின்தூக்கிக்கெனவும் இடம் விடப்பட்டது.

முதல் உலகப் போரின் முடிவில் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் மலாயாவையும் தாக்கியது. மாளிகைப் பணியில் இருந்தோர் பலர் மாண்டனர். தங்களுக்கு ஒரு கோயில் வேண்டுமெனத் தொழிலாளர் கேட்க, ஸ்மித் இசைந்து கட்டிக் கொடுத்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. மாளிகைக்கு அருகிலுள்ள அந்த மாரியம்மன் கோயிலின் மேல், தெய்வ உருவங்களுக்கிடையே, வெள்ளைக்காரர் உடையும் தொப்பியும் அணிந்த ஓர் உருவத்தை இன்றும் காணலாம். அது ஸ்மித்தின் உருவம் என்பர்.

1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை முற்றுப்பெறவில்லை. உரிமை கைமாறியது, நெடுங்காலம் காடு சூழ்ந்து கிடந்த கட்டடம், பின்னர்ச் சீரமைக்கப்பட்டுச் சுற்றுலாத் தலமாயிற்று.

சுவர் காக்கப்பட்டது குறித்து நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்மித் பிறந்த ஊரும் இறந்த ஊரும் நமக்குத் தெரியும். காய்ச்சலில் மாண்டவர் எந்த ஊரினர், யாருடைய பிள்ளைகள் என்பது நாம் கேட்டறியும் வரலாற்றில் இல்லை. முதலாளியின் உருவத்தைத் தொழிலாளர் தம் கோயிலில் வைத்தனர். தொழிலாளரின் பெயர்களை எங்கே வைத்தோம்?

பழமையைக் காப்பதற்கு எவையெவை வேண்டும் என்பதைக் கொரிய நாட்டு நிகழ்ச்சி ஒன்று தெளிவாக்குகிறது. சியோல் நகரின் தெற்குவாயிலான சுங்நியேமுன் 1398இல் கட்டி முடிக்கப்பட்டது. 2008 பிப்ரவரி 10 அன்று ஒருவர் வைத்த தீயில் அதன் மர மேல்மாடம் பெரும்பகுதி அழிந்தது. எனினும் 2006இலேயே அதன் அளவுகள் அனைத்தும் வரைபடங்களாகப் பதியப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு, மரபறிந்த தச்சரும் கற்கொல்லரும் பணியாற்ற, 2013 மே மாதம் வாயில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால், சில மாதங்களிலேயே வண்ணப்பூச்சு உரியத் தொடங்கியது. அளவு ஏட்டில் இருந்தது. பழைய முறையில் வண்ணம் குழைக்கும் கைப்பழக்கமோ இடையில் அறுந்திருந்தது. ஏடும் வேண்டும், வாழும் அறிவும் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

இப்பாடம் பேராக்கின் தோட்டங்களுக்கும் பொருந்தும். ரப்பர் நின்ற இடங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்தன, மக்கள் ஈப்போ முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயரைத் தாங்கி நிற்பவை பல இடங்களில் தமிழ்ப்பள்ளிகளே. கிந்தா கெல்லாஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயர் அவ்வாறு நிலைத்ததுதான்.

ஆகவே, ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தத்தம் பள்ளியின் பெயரிலிருந்தே தொடங்குங்கள். அத்தோட்டத்தைத் தமிழர் எப்பெயரால் அழைத்தனர் என்று மூத்தோரிடம் கேளுங்கள். லயம், கோயில், பிரட்டுக் களம், மருந்தகம், இடுகாடு ஆகியவை எங்கிருந்தன என்பதை அவர் சொல்ல, நீங்கள் வரையுங்கள். கோயில் கல்வெட்டையும் கல்லறைப் பெயர்களையும் எழுத்துப் பிழையின்றிப் படியெடுங்கள். பால்மரம் வெட்டியோர் வழங்கிய சொற்களை அவர் ஒலித்தவாறே எழுதுங்கள். சொன்னவர் யார், சொன்ன நாள் எது, கண்டதா கேட்டதா என்பவற்றையும் உடன் குறியுங்கள். இவை இருந்தாலன்றி நினைவு வரலாறாகாது.

கட்டடம் பழுதுற்றால் அரசு பழுது பார்க்கும். தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை மறைந்துவிட்டால், அவர் நினைவை எவராலும் மீட்க இயலாது. கேட்பதற்குரிய காலம் இன்னும் சில ஆண்டுகளே.