கிழக்கு நோக்கிய ரயில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டிலே, மதுரை ஜில்லாவும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் ஒன்றையொன்று தொட்டு நின்ற இடத்திலே, 1908-ஆம் ஆண்டு முதல் 1924-ஆம் ஆண்டின் ஆடி மழை வரையில் ஒரு சிறு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மூணாற்றில் புறப்பட்டு, குண்டளை ஆற்றின் கரையை அநுசரித்துக்கொண்டே மாட்டுப்பட்டி வழியாக மேலேறி, டாப் ஸ்டேஷன் என்னும் மலைவிளிம்பில் போய் நின்றுவிடும் அந்த வண்டி, எந்தப் பெரிய ரயில் பாதையோடும் இணைந்ததில்லை. தேயிலைப் பெட்டிகளைச் சுமப்பதற்கென்றே பிறந்து, பதினாறு வருஷம் சுமந்து, பின்பு இல்லாமற் போயிற்று. வெள்ளத்தில் அழிந்த ரயில் என்றே அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதி முடித்துவிடுகிறார்கள். வெள்ளம் அழித்தது மெய்தான். ஆயினும், 1964-ஆம் வருஷத்துப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைச் சில மாதங்களுக்குள் செப்பனிட்டு மறுபடியும் வண்டி விட்டதையும், அதே புயல் விழுங்கிய தனுஷ்கோடிப் பாதையைத் திரும்பப் போடாமலே விட்டுவிட்டதையும் அறிந்தவர்கள், குண்டளை ரயில் ஏன் அழிந்தது என்று கேட்பதோடு நில்லாமல், ஏன் மீளவில்லை என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை மலைமேல் கிடைக்காது. மேற்கே கடற்கரை வரையில் இறங்கிப் போய்த்தான் தேட வேண்டும்.

கண்ணன் தேவன் மலை என்று வழங்கும் அந்தப் பிரதேசம் பூஞ்சாற்று ராஜாவின் உடைமையாக இருந்தது. தங்களைப் பாண்டிய வம்சத்தின் கிளை என்று சொல்லிக்கொள்ளும் அக்குடும்பத்தாரிடமிருந்து, 1877-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி, ஜான் டேனியல் மன்றோ என்ற துரை அதைச் சாசன பூர்வமாகக் குத்தகைக்குப் பெற்றார். இருநூறு சதுர மைலுக்கு மேற்பட்ட சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் வருஷக் குத்தகை 3,000 ரூபாய். அக்காலத்து ரூபாயின் மதிப்பை எவ்வளவுதான் உயர்த்திப் பார்த்தாலும், இதைவிட லாபகரமான பேரம் தென்னாட்டில் அதிகம் நடந்திருக்குமா என்பது சந்தேகமே. 1879-இல் துரைமார் ஒரு சங்கம் கூட்டி நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டு, காப்பி, சிங்கோனா, கற்றாழை நார் என்று ஒவ்வொன்றாகப் பயிரிட்டுப் பார்த்தார்கள். 1880-இல் ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் கொஞ்சம் தேயிலையும் வைத்துப் பார்த்தார். மற்றவை கைவிட, தேயிலை மட்டும் நிலைத்தது. அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் கிளாஸ்கோ நகரத்துப் பின்லே மியூர் கம்பெனியார் உள்ளே வந்தார்கள். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி ஸ்தாபிதமாயிற்று.

பெருமுதல் வந்தவுடன் பெருவிளைச்சல் வந்தது. பெருவிளைச்சல் வந்தவுடன், அதை வெளியே கொண்டுபோவது எவ்வாறு என்ற பிரச்சினையும் கூடவே வந்தது. மூணாறு கடல் மட்டத்துக்குச் சுமார் 5,000 அடி உயரத்தில், மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது. ஆற்றோட்டத்தைப் பின்பற்றி மேற்கே இறங்குவதுதான் இயல்பாகத் தோன்றும். ஆனால் அந்தத் திக்கில், பூயங்குட்டிப் பக்கமாக ஒரு சாலை இருந்ததெனினும், நெடுந்தூரத்துக்கு யானைக்காடும் ஓயாத மழையும். கிழக்கிலோ மலை சுவரைப்போல நின்றாலும், அந்தச் சுவரின் அடியில் போடிநாயக்கனூர். போடியிலிருந்து மாட்டுவண்டி போகும் சமவெளிச் சாலை. அதன் கோடியில் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம். அங்கிருந்து மதுரை மார்க்கமாகத் தூத்துக்குடித் துறைமுகம். ஆகவே, சமவெளிக்கு இறங்க வேண்டிய சரக்கு முதலில் மலைமேல் ஏற வேண்டியதாயிற்று. குண்டளை ஆறு வரும் பள்ளத்தாக்கு கிழக்கு விளிம்பு வரையில் மெல்ல மெல்ல உயர்ந்து செல்வது. ஆற்றை எதிர்த்துக்கொண்டே போனால், சில நூறு அடி ஏற்றத்தில் விளிம்பை அடைந்துவிடலாம். அந்த விளிம்பே டாப் ஸ்டேஷன். அதற்கு இப்புறம் பெய்யும் மழை பெரியாற்றில் போய்ச் சேரும். அப்புறம் பெய்வது கொட்டகுடி ஆற்றின் வழியாக வைகையில் விழும். மேற்கே ஓடும் பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பிய பென்னிக்குயிக்கின் அணை 1895-இல் முடிந்தது. ஏழே வருஷங்களுக்குப் பிறகு, அதே பெரியாற்றின் உபநதிக் கரையில் விளைந்த தேயிலையும் மலைமுகட்டைத் தாண்டி வைகைச் சீமைக்குப் போவதற்குப் பாதை போட்டார்கள். இரண்டு காரியங்களிலும் சீமைத் துரைமார் கண்ட உண்மை ஒன்றுதான்: தேவை கிழக்கே இருந்தது.

1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு வெட்டிய பாதை முதலில் சாதாரண வண்டிப்பாதையே. மழைக்காலத்தில் மலைச்சேற்றில் பாரவண்டி அச்சளவும் புதைந்து நிற்பதைக் கண்டிருப்பவர்களுக்கு, அது எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்தபடியாக அவர்கள் கையாண்ட உபாயந்தான் விசித்திரமானது. சாலையின் ஓரமாக ஒரே ஒரு தண்டவாளத்தைப் பதித்தார்கள். வண்டியின் அடியிலிருந்த சிறு சக்கரங்கள் அந்த ஒற்றைத் தண்டவாளத்தின்மீது உருள, பக்கவாட்டில் பொருத்திய ஒரு பெரிய சக்கரம் சாலையின்மீது ஓடி, வண்டி சாயாதபடி காத்தது. பாரத்தின் பெரும்பங்கு இரும்பின்மீதே விழுந்தபடியால், சாலையில் நடக்கும் மாடுகள் வெறும் கட்டைவண்டியில் இழுப்பதைக் காட்டிலும் மிக அதிகமான பாரத்தை இழுக்க முடிந்தது. ஈவிங் முறை என்று பெயர்பெற்ற இதைத்தான் 1907-இல் பாட்டியாலா சமஸ்தானத்திலும் கைக்கொண்டார்கள்; அந்த ஒற்றைத் தண்டவாள வண்டி டில்லி ரயில் காட்சிசாலையில் இன்றும் காக்கப்பட்டு வருகிறது. பாட்டியாலாவை அறிந்தவர்களுள் பலரும், அதற்கு முன்பே தென்கோடி மலையொன்றில் அது நடைமுறையில் இருந்ததை அறியார். ராஜாங்கம் செய்த காரியத்துக்குக் கிடைக்கும் கீர்த்தி, தோட்டக் கம்பெனி செய்த காரியத்துக்குக் கிடைப்பதில்லை போலும்.

ஆனாலும் மாட்டின் கால் மாட்டின் கால்தான். தோட்டங்கள் பெருகப் பெருக அதன் வேகம் போதாமற் போகவே, 1908-இல் ஒற்றைத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, இரண்டு அடி அகலமுள்ள இரட்டைத் தண்டவாளம் போட்டு, சிறிய நீராவி எஞ்சின்களைக் கொண்டுவந்தார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். அகலப்பாதைகளைக் கண்டு பழகியவர்களுக்கு இரண்டடிப் பாதை விளையாட்டுச் சாமானாகத் தோன்றலாம். மலைப்பிரதேசத்திலோ அந்தக் குறுக்கமே அனுகூலம். ஆற்றின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் தானும் திரும்பி, பாறையை அதிகம் உடைக்காமல், பாலங்களைச் சிறிதாகவே கட்டிக்கொண்டு அது போக முடிந்தது. மூணாற்றில் ரயில் நிலையம், வழியில் மாட்டுப்பட்டி, கடைசியில் டாப் ஸ்டேஷன். எல்லாம் கம்பெனியின் சொந்தம்.

டாப் ஸ்டேஷனில் ரயிலின் வேலை முடிந்து, கம்பியின் வேலை ஆரம்பமாகும். அங்கிருந்து கொட்டகுடி வரையில், ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு, ஆயிரக்கணக்கான அடிப் பள்ளத்தின்மீது ரோப்வே கட்டியிருந்தார்கள். ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு ஆகாய மார்க்கமாகக் கொட்டகுடியிலிருந்த பாட்டம் ஸ்டேஷனில் இறங்கும். இரண்டுக்கும் நடுவே தங்குமிடமாக ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன். இந்த மூன்றில் ரயில் வந்தது முதலாவதற்கு மட்டுமே. மற்ற இரண்டும் ரயிலைக் கண்ணால் கண்டதில்லை. எனினும் குரங்கணிப் பக்கத்து ஜனங்கள் இந்நாளிலும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே சொல்லிக்கொண்டு மலையேறுகிறார்கள். பாட்டம் ஸ்டேஷனில் பெட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றினால், போடிநாயக்கனூர் 15 கிலோமீட்டர்.

கீழே இறங்கியது தேயிலை. மேலே ஏறியதோ மலைவாழ்க்கை முழுவதும் என்று சொல்லிவிடலாம். தேயிலைத் தோட்டத்தில் நெல் விளையாது. தோட்டத்தில் இருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு வேண்டிய அரிசியும் மற்ற சாமான்களும் கீழ்நாட்டிலிருந்தே வந்தாக வேண்டும். அந்தத் தொழிலாளர்கள்தாம் யார்? மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் கிராமங்களில் கங்காணிமார் முன்பணம் கொடுத்துத் திரட்டிக்கொண்டு வந்த தமிழ் ஏழைகள். சரக்குக்குக் கம்பியும் தண்டவாளமும் போட்ட கம்பெனியின் மலைக்கு, அவர்கள் மூட்டையும் குழந்தையுமாகக் கால்நடையாகவே ஏறினார்கள். மழையிலும் பனியிலும் கொழுந்து கிள்ளி, லயம் என்னும் வரிசை வீட்டின் ஓர் அறையில் குடும்பம் நடத்தி, பேரேட்டில் ஏறிய முன்பணத்தைக் கழிப்பதிலேயே பலருக்கு ஆயுள் கழிந்தது. ரயிலின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் எஞ்சினின் ஜாதகத்தைத் துருவித் துருவி ஆராய்கிறார்கள். தண்டவாளத்துக்கு மண் வெட்டியவனைப் பற்றியும், பெட்டி தூக்கியவனைப் பற்றியும் எழுதிவைத்தவர் இல்லை.

இனி வெள்ளம். கொல்ல வருஷம் 1099-ஆம் ஆண்டுக் கர்க்கடக மாதம், அதாவது 1924-ஆம் ஆண்டு ஜூலையில், மலையாள தேசம் முழுவதும் ஏறக்குறைய மூன்று வாரம் மழை விடாமல் பெய்தது. காலத்தைக் கணக்கிடுவதற்கே அந்நாட்டு முதியோர் ‘தொண்ணூற்றொன்பதிலே வெள்ளத்துக்கு முன்’, ‘பின்’ என்று சொல்லும்படியான வெள்ளம் அது. அதே ஜூலையில்தான் காவேரியும் கொள்ளிடமும் கரைபுரண்டு நமது கொங்கு நாட்டையும் சோழ நாட்டையும் கலக்கின. மூணாற்று மலைகளில் சரிவு சரிவாக மண் இடிந்து, வேரோடு பெயர்ந்த மரங்கள் ஆறுகளில் மிதந்து வந்தன. மாட்டுப்பட்டிக்கு அருகில் இரண்டு குன்றுகளின் இடுக்கில் மரமும் மண்ணும் பாறையும் அடைத்துக்கொண்டு தானாகவே ஓர் அணை உண்டாகி, பின்னால் ஏரியைப்போல் தண்ணீர் தேங்கி, ஒரு சமயத்தில் அது உடைத்துக்கொண்டு பிரளயமாகப் பாய்ந்தது என்று அங்குள்ளோர் சொல்லுகிறார்கள். ரயில் பாதை ஆற்றை ஒட்டியே போனது. ஆறு அதுகாறும் கொடுத்து வந்த சரிவான வழியை ஒரே வீச்சில் திரும்ப எடுத்துக்கொண்டது. பாலங்கள் போயின, தண்டவாளங்கள் முறுக்கேறிக் கிடந்தன, மூணாறு பட்டணமே சேற்றில் அமிழ்ந்தது. பூயங்குட்டி வழியாக மேற்கே சென்ற பழைய சாலையும் கரிந்திரி மலையோடு சேர்ந்து சரிந்துபோயிற்று.

இவ்விதமாக, கிழக்கு வழியும் மேற்கு வழியும் ஒருங்கே அழிந்து நின்ற அந்தத் தருணத்தில், எதை முதலில் புதுப்பிப்பது என்ற கேள்வி எழுந்தது; ரயிலின் விதி நிச்சயமானது அப்பொழுதுதான் என்பது என் அபிப்பிராயம். வெள்ளம் வடிந்து சில வாரங்களுக்குள் திருவிதாங்கூரின் மூலம் திருநாள் மகாராஜா காலமாகி, சேது லட்சுமி பாய் மகாராணியார் ராஜப்பிரதிநிதியாக ஆட்சியை ஏற்றார். அவர் காலத்தில் நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை நிர்மாணமாகி, 1931-இல் ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்கு மோட்டார் ஏறியது. 1935-இல் பெரியாற்றுக்குக் குறுக்கே நேரியமங்கலம் பாலமும் திறக்கப்பட்டது. இதற்கிடையே கொச்சியில் பிரிஸ்டோ என்ற எஞ்சினீயர் துறைமுக வாயிலை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டி, 1928-இல் பெரிய கப்பலை உள்ளே கொண்டுவந்துவிட்டார். ஆழ்ந்த துறைமுகம் மேற்கே. புதிய சாலை மேற்கே. அந்தச் சாலையில் லாரி வந்து தோட்டத் தொழிற்சாலையின் வாசலிலேயே பெட்டியை ஏற்றிக்கொள்கிறது. ரயிலில் ஏற்றி, ரயிலிலிருந்து கம்பிக்கு மாற்றி, கம்பியிலிருந்து வண்டிக்கு மாற்றி, வண்டியிலிருந்து மறுபடியும் ரயிலுக்கு மாற்றித் தூத்துக்குடி போய்ச் சேரும் பழைய வழி, ஒவ்வொரு மாற்றத்திலும் கூலியைத் தின்றது. கணக்கில் கெட்டிக்காரர்களான ஸ்காட்லாந்துக்காரர்கள் அதைத் திரும்பக் கட்டியிருந்தால்தான் ஆச்சரியம்.

இதில் போடிநாயக்கனூருக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மூணாற்றுத் தேயிலை வண்டி வண்டியாக வந்து இறங்கிய நாளில், போடியிலிருந்து அதை அம்மையநாயக்கனூர் வரையில் மாடுகள் இழுத்தன. மதுரையிலிருந்து போடிக்குச் சிறு பாதை ரயில் ஓடத் தொடங்கியது 1928-இல். மலைமேல் தண்டவாளம் அழிந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. போடி ரயில் ஏலக்காயையும் பிரயாணிகளையும் கொண்டு காலத்தை ஓட்டியது. பாதையை அகலமாக்குவதற்காக 2011-இல் அதையும் நிறுத்தி, 2023-ஆம் ஆண்டு ஜூனில்தான் மறுபடியும் போடிக்கு வண்டி விட்டார்கள்.

ராஜ்யங்களின் எல்லைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. தமிழர் மிகுந்து வாழும் தேவிகுளம், பீர்மேடு தாலூகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி முதலானோர் கிளர்ச்சி செய்தும், 1956-இல் அவை கேரளத்துக்கே போயின. அப்பொழுது மூணாற்றின் வியாபாரம் மேற்கே திரும்பிக் கால் நூற்றாண்டு கடந்திருந்தது. சாலை போகிற பக்கமே ராஜ்யமும் போயிற்று என்று நான் வாதிக்கவில்லை. அதற்கு வேறு காரணங்கள் அநேகம் உண்டு. ஆனால் டாப் ஸ்டேஷன் மட்டும் தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் நின்றுவிட்டபடியால், அந்த ரயிலின் இரண்டு முனைகளும் இப்பொழுது இரண்டு ராஜ்யங்களில் இருக்கின்றன.

மூணாற்று ரயில் நிலையமாயிருந்த கட்டிடம் தேயிலைக் கம்பெனியின் காரியாலயமாக இருக்கிறது. நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலைக் காட்சிசாலையில் எஞ்சின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ரயிலை மறுபடியும் ஓட்டலாம் என்ற பேச்சு இடையிடையே எழுகிறது. உல்லாசப் பிரயாணிகளுக்கு ஊட்டி ரயிலைப்போல் ஒன்று வேண்டும் என்பது அப்படிப் பேசுகிறவர்களின் யோசனை. அப்படி ஒன்று வந்தாலும், மலைவிளிம்பு வரையில் போய் வேடிக்கை பார்த்துத் திரும்பும் வண்டியாகவே அது இருக்கும். விளிம்புக்கு அப்பால் போவதற்கு வழி ஏது? கொட்டகுடிக்கும் குரங்கணிக்கும் இறங்குவது இன்னும் ஒற்றையடிப் பாதைதான். தேயிலைப் பெட்டி ஐந்து கிலோமீட்டரில் இறங்கிய அந்தத் தூரத்துக்கு, மோட்டாரில் போக விரும்புகிறவர், டாப் ஸ்டேஷனிலிருந்து மூணாற்றுக்குத் திரும்பி, தேவிகுளமும் போடிமெட்டும் கடந்து போடியில் இறங்கி, அங்கிருந்து மறுபடியும் மலையடிவாரத்துக்கு வர வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது.