யானைக்கவுனியும் குழந்தைகளின் அச்சமும்

சென்னைச் சென்ட்ரல் நிலையத்தின் மருங்காக வடக்கே செல்லும் வால்டாக்ஸ் சாலையில் சிறிது தொலைவு நடந்தால் யானைக்கவுனி வரும். கவுனி என்பது கோட்டை வாயில். வாயில் மறைந்துவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது. 1758-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் கறுப்பர் நகரம் காவலின்றி அவன் கைக்குள் வீழ்ந்தது. கும்பெனியார் அதன் பின்னரே அந் நகரைச் சூழ மதில் எழுப்பினர். அதற்கென விதிக்க எண்ணிய வரியின் நினைவே 'வால்டாக்ஸ்' என்னும் பெயர். மதிலின் ஒரு சிறு பகுதியைப் பழைய சிறைச்சாலைச் சாலையில் இன்றும் காணலாம்.

மதில் ஊரைக் காக்கும். அஞ்சி நடுங்கும் ஒரு சிறு பிள்ளையின் உள்ளத்தைக் காப்பது எது? மதில் மறைந்த காலத்தில் இப் பகுதி மக்கள் பட்ட இடர்கள் சில அதற்கு விடை கூறுகின்றன.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தின்மீது ஏறத்தாழ அரைமணி நேரம் குண்டு வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. இறந்தவர் மிகச் சிலரே. ஆனால் அச்சம் குண்டினும் விரைவாகப் பரவியது. மூட்டை முடிச்சுகளோடும் கைக்குழந்தைகளோடும் பல்லாயிரவர் நகரைவிட்டு வெளியேறினர். கப்பலோ மீண்டும் வரவேயில்லை. தமிழில் ஒரு சொல் மட்டும் தங்கிற்று: கண்டிப்பு மிக்கவரை 'எம்டன்' என்கிறோம். வீட்டில் தந்தைக்கே அப் பெயர் சூட்டிய பிள்ளைகளும் உண்டு! வரலாற்று நூல்கள் எரிந்த எண்ணெயைப் பற்றி நிறையச் சொல்கின்றன. அவ்விரவில் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு விழித்திருந்த பிள்ளைகளைப் பற்றி அரிதாகவே பேசுகின்றன.

இரண்டாம் உலகப் போரில் அச்சம் மீண்டும் வந்தது. 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பின்மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவற்றின்மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னையில் இன்றியமையாப் பணி இல்லாதோர் வெளியேறுமாறு அரசாங்கம் கூறிற்று. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. சென்ட்ரலை அடுத்த மக்கள் பூங்காவிலிருந்த உயிர்க்காட்சிச் சாலையில் சிங்கம், புலி முதலிய கொடுவிலங்குகள், குண்டு வீச்சில் தப்பி ஓடிவிடக்கூடும் என்று சுட்டுக் கொல்லப்பட்டன. அவ் விலங்குகளைக் கண்டு களித்த பிள்ளைகளுக்கு இச் செய்தியை யார், எச் சொற்களால் எடுத்துரைத்திருப்பார்கள்? எண்ணிப் பாருங்கள்.

அதே காலத்தில் இலண்டனில் வேறொரு முயற்சி நடைபெற்றது. குண்டு வீச்சுக்கு அஞ்சி, நகரத்துப் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அன்னா பிராய்டு அம்மையார், டாரதி பர்லிங்காம் அம்மையாருடன் ஹாம்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தை இல்லங்களை நடத்தி, அங்கிருந்த பிள்ளைகளை நாள்தோறும் கூர்ந்து கவனித்தார். அவர்கள் கண்டது பலருக்கும் வியப்பளித்தது. தாயருகே இருந்த பிள்ளைகள் குண்டு வீச்சையும் பெரும்பாலும் தாங்கிக்கொண்டனர். தாயைப் பிரிந்த பிள்ளைகளோ, குண்டு விழாத ஊரிலும் வாடினர். தாய் அமைதியாக இருந்தால் பிள்ளையும் அமைதி பெற்றது. அவள் நடுங்கினால் அதுவும் நடுங்கிற்று. ஆகவே, குழந்தைக்கு ஆறுதல் அளிக்க விரும்புவோர் முதலில் அதன் குடும்பத்துக்குத் துணை நிற்கவேண்டும். குண்டு வீச்சிலிருந்து உடலைக் காக்கப் பிள்ளையை அப்புறப்படுத்துவது தவறன்று. துணையின்றி அப்புறப்படுத்துவதே கொடிது. 1914-இல் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஓடிய நம் குடும்பங்களை எள்ளி நகையாடுவோர் இதனைச் சற்றே நினைக்கட்டும்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது இவ்வறிவு ஓரளவேனும் பயன்பட்டது. காசிமேடு முதல் எண்ணூர் வரையிலும் மீனவர் குப்பங்கள் அல்லலுற்றன. நாகப்பட்டினத்திலோ இழப்பு அளவிடற்கரியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளை அவசர அவசரமாகத் தத்துக் கொடுக்க அரசு இசையவில்லை. உற்றார் இருந்தவர்கள் உற்றாரிடமே வளர்ந்தனர். ஏனையோருக்கு இல்லங்கள் அமைந்தன. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிலையத்து மருத்துவர்கள், ஊரிலேயே இருந்து உதவக்கூடியவர்களுக்குப் பயிற்சி அளித்தனர். விளையாட்டும் ஓவியமும் கதையும் மருந்தாயின. பிள்ளைகள் பலர் அலையையே திரும்பத் திரும்ப வரைந்தனர். அதனை விலக்கவேண்டியதில்லை, வாயால் சொல்ல இயலாததைக் கை சொல்லிற்று.

2007-இல் உலக அமைப்புகள் பல கூடி, பேரிடர்க் காலத்தில் மனநலம் காப்பதற்கான நெறிகளை வகுத்தன. குடும்பத்தைப் பிரிக்காதிருத்தல், பள்ளியை விரைவில் திறத்தல் ஆகியவற்றோடு, துயரத்தைச் சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்பதும் அவற்றுள் இடம்பெற்றது. தானாகப் பேச முன்வரும் பிள்ளைக்குச் செவி கொடுத்தல்; பேசாத பிள்ளையின் அருகே வாளா அமர்ந்திருத்தல்.