வாய்நாற்றமும் விளம்பரமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

வாய்நாற்றத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் காலந்தோறும் வழங்கிய மருந்துகளின் நிரலையே தருவர். ஆனால், ஓர் உடற்குறை எப்போது, எவரால், எவ்வாறு சமூக அச்சமாக மாற்றப்பட்டது என்ற வினா அந்நிரலுள் அடங்குவதில்லை. இவ்வினாவுக்கு விடைகாண்பதற்கு 1920களில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வணிக முயற்சி பெரிதும் துணைபுரிகின்றது.

1867இல் ஜோசப் லிஸ்ரர் காபோலிக் அமிலத்தைக் கொண்டு சத்திரசிகிச்சைப் புண்கள் சீழ்கொள்ளாமற் காக்கும் முறையை வெளியிட்டார். அவர் பெயரைத் தழுவி 'லிஸ்ரரின்' என்ற கிருமிகொல்லித் திரவத்தை 1879இல் செயின்ற் லூயிஸ் நகர மருத்துவரான ஜோசப் லோறன்ஸ் ஆக்கினார். அதை விற்கும் உரிமையை லாம்பேட் கம்பனி பெற்றது. முதலில் மருத்துவருக்கும் பின்னர்ப் பல்வைத்தியருக்கும் விற்கப்பட்ட இத்திரவம், 1914 முதல் பொதுமக்களுக்கும் நேரடியாக விற்கப்படலாயிற்று. எனினும், அன்றாட வாழ்வில் அது எதற்குத் தேவை என்பதை மக்கள் உணரவில்லை. பண்டம் இருந்தது; தேவைதான் இருக்கவில்லை.

அத்தேவையை ஆக்கியவர் நிறுவனர் மகன் ஜெராட் லாம்பேட். 1956இல் வெளிவந்த தமது தன்வரலாற்றில், 'ஹலிற்ரோசிஸ்' என்ற சொல்லைத் தாம் கண்டெடுத்த கதையை அவர் ஒளிவுமறைவின்றிக் கூறியுள்ளார். மூச்சைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு கிரேக்க விகுதி இணைந்த இச்சொல் விளம்பரகாரர் புனைந்ததன்று. ஜோசப் வில்லியம் ஹோ என்ற மருத்துவர் 1874இல் நியூயோர்க்கில் வெளியிட்ட நூலிலேயே இடம்பெற்றது. ஆயினும், குடும்ப இதழ்களில் 'வாய் நாறுகிறது' என எழுதுவது அநாகரிகமாகக் கருதப்பட்ட சூழலில், பொருள் விளங்காத இம்மருத்துவச் சொல் இரு பணிகளை ஒருங்கே செய்தது. கூறவியலாததைக் கூற இடமளித்தது. காலையெழுந்தவுடன் எவர் வாயிலும் இருக்கும் ஒன்றை நோயாகவும் உயர்த்தியது.

அவ்விளம்பரங்கள் மருந்தின் குணத்தை விரித்துரைக்கவில்லை, கதை கூறின. 1920களின் நடுப்பகுதியில் வெளிவந்த ஒன்றில், எட்னா என்ற பெண் முப்பது வயதை அணுகியும் மணமகளாகாது தோழிப்பெண்ணாகவே நிற்கிறாள். காரணத்தை அவளுடைய உற்ற தோழியரும் கூறார். தொடர்ந்து வந்த ஆண்டுகளில், வேலை இழந்தவரும் பதவியுயர்வு கிட்டாதவரும் கதைமாந்தராயினர். கோடிக்கணக்கானோர் பொருளாதார மந்தத்தால் வேலையிழந்திருந்த 1930களில், அவ்விழப்புக்கான காரணத்தைத் தம் வாயினுள்ளேயே தேடும்படி இவ்விளம்பரங்கள் கூறின என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1920ஐ அடுத்த ஆண்டுகளில் ஏறத்தாழ 1 இலட்சம் டொலராக இருந்த கம்பனியின் ஆண்டு இலாபம் 1927இல் 40 இலட்சத்தைத் தாண்டியது. போத்தலுள் இருந்தது பழைய திரவமே.

இதனை வெறும் மோசடி எனக் கொள்வது எளிது, ஆயின் போதாது. தடிமனையும் தொண்டைநோவையும் இத்திரவம் தடுக்கும் என்ற கூற்றே பொய்யாயிற்று. பல பத்தாண்டுகள் தொடர்ந்த அக்கூற்றை 1975இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு தவறெனத் தீர்த்து, வருங்கால விளம்பரங்களில் அதனை மறுத்துரைக்குமாறு பணித்தது. 1977இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அப்பணிப்பைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. வாய்நாற்றம் பற்றிய கூற்றோ அவ்வழக்கின் பொருளன்று. கிருமிகொல்லித் திரவம் நாற்றத்தைச் சில மணிநேரம் குறைப்பது மெய்யே. அச்சத்தைப் பெருக்குதற்கு முழுப்பொய் தேவைப்படவில்லை, அரைமெய்யே போதுமானதாயிற்று.

நாற்றத்தின் தோற்றுவாயை வான்கூவரில் ஆய்ந்த ஜோசப் ரொன்செற்றிச் முதலியோரின் பணி 1970களில் முதிர்ச்சி பெற்றது. நாவின் பின்புறத்திலும் பல்லிடுக்கிலும் முரசின் ஓரத்திலும் காற்றின்றி வாழும் பற்றீரியாக்கள் புரதங்களைச் சிதைக்கையில், ஐதரசன் சல்பைட்டு போன்ற கந்தக வாயுக்கள் எழுகின்றன. உமிழ்நீர் குறையும் இரவில் அவை மிகும். ஆகவே, நாவை வழித்தலும், பல்லிடுக்கைத் துப்புரவு செய்தலும், முரசு நோய்க்கும் சூத்தைப் பல்லுக்கும் சிகிச்சை பெறுதலுமே முதன்மையான பரிகாரங்கள். இவற்றால் நீங்காதவிடத்து மூக்கு, தொண்டை, உள்ளுறுப்புகளின் நோய்களை ஆராய வேண்டும்.

நாவின் அடியிற் படியும் அழுக்கே நாற்றத்துக்குக் காரணம் எனச் சரக சம்ஹிதை முன்னரே கூறி, வளைந்த, கூர்மையற்ற கருவியால் அதனை வழிக்க விதித்தது. பற்றீரியாவை அந்நூலார் அறிந்திருந்தார் எனப் பெருமைபேச வேண்டியதில்லை. இடத்தைச் சரியாகக் கண்டனர் என்பதே செய்தி. பொன், வெள்ளி, செம்பு எனக் கருவிக்கு உலோகம் கூறுமிடத்தில் அந்நூல் எவரை முன்னிறுத்திப் பேசிற்று என்பதும் புலனாகும். பொன்னில்லாதார் எம்மூர்களில் தென்னோலை ஈர்க்கைப் பிளந்து வளைத்து அதே வேலையைச் செய்தனர்.

இந்நூற்றாண்டின் மருத்துவர்கள் பிறிதொரு நோயாளரையும் எதிர்கொள்கின்றனர். 2000இல் யேகாகி, கொயில் ஆகிய இருவரும் வெளியிட்ட பகுப்பு, மெய்யான வாய்நாற்றத்துடன், நாற்றமின்றியே அது உண்டெனக் கருதுவோரையும், விளக்கமும் சிகிச்சையும் பெற்ற பின்னரும் அவ்வச்சம் நீங்காதோரையும் தனித்தனியே வகுத்தது. இறுதி வகையினர் கையால் வாயை மறைத்துப் பேசுவர், கூட்டத்தை விலக்குவர், பயணிகள் வண்டியில் எவரேனும் மூக்கைத் தொட்டால் அது தம்மாலேயே என நம்புவர். தன் மூச்சைத் தானே முகர்ந்தறிய இயலாத அவருக்கு, நாற்றமில்லை என மருத்துவர் கூறுவதும் எட்னாவின் தோழியர் காத்த மௌனத்தின் மற்றொரு வடிவமாகவே தோன்றுகின்றது.